காபியில் நிறுத்திய சர்க்கரை, சாஸ் பாட்டிலில் காத்திருக்கிறது!

அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்த அன்றைக்கே வீட்டில் புதுச் சட்டம் அமலுக்கு வந்துவிடும். காலைக் காபியில் சர்க்கரை கட். கல்யாண வீட்டு லட்டு வந்தால் டப்பாவோடு மேல் அலமாரிக்குப் போய்விடும். டீக்கடையிலும் அவரே முந்திக்கொண்டு "சர்க்கரை இல்லாம ஒண்ணு" என்பார். மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுத்தால், எண் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கியிருக்காது. "நான்தான் இனிப்பையே தொடறதில்லையே, அப்புறம் எப்படி?" என்று அவர் கேட்கும்போது வீட்டில் யாரிடமும் பதில் இருக்காது.

காரணங்கள் பல இருக்கலாம். தட்டில் குவியும் சோறு, நடக்காத நடை, மறந்துபோன மாத்திரை, கெட்டுப்போன தூக்கம் எல்லாம் அந்த எண்ணில் சேரும். ஆனால் யாருமே கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று ஃப்ரிட்ஜ் கதவில் வரிசையாக நிற்கிறது. தக்காளி கெச்சப், ஸ்வீட் சில்லி சாஸ், செஷ்வான் சட்னி, மிக்ஸட் ஃப்ரூட் ஜாம், சாண்ட்விச் ஸ்ப்ரெட். அவற்றுக்கு மேலே, பார்சலோடு வந்து யாரும் தூக்கிப்போட மனசு வராத சாஸ் சாஷேக்கள் ஒரு கிண்ணம் நிறைய. இவற்றை யாரும் 'ஸ்வீட்' என்று நினைப்பதில்லை. தொட்டுக்கொள்கிற பொருள்தானே என்ற அலட்சியத்தில் சர்க்கரை தட்டுக்கு வந்துவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இது விளங்கும். கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான தக்காளி கெச்சப்பில் 100 கிராமுக்கு 20 முதல் 30 கிராம் வரை சர்க்கரை இருக்கிறது. ஒரு டேபிள்ஸ்பூன் கெச்சப் என்பது சுமார் 15 கிராம். அதாவது ஒவ்வொரு டேபிள்ஸ்பூனிலும் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் சர்க்கரை. சமோசாவுக்கு யார் ஒரு ஸ்பூனோடு நிறுத்துகிறார்கள்?

ஜாம் கதை இன்னும் இனிப்பானது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, ஜாம் என்று பெயர் போட வேண்டுமானால் அதில் கரைந்திருக்கும் திடப்பொருள் 65 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. அந்தக் 'கரைந்திருக்கும் திடப்பொருளில்' பெரும்பகுதி சர்க்கரைதான். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குக் காலையில் பிரெட்டில் ஒரு டேபிள்ஸ்பூன் ஜாம் தடவினால் சுமார் 12 கிராம். மாலையில் கட்லெட்டோடு இரண்டு ஸ்பூன் கெச்சப், 7 கிராம். இரவு சப்பாத்தி ரோலுக்குள் இன்னொரு ஸ்பூன், மூன்றரை கிராம். கூட்டினால் 22 கிராமைத் தாண்டுகிறது. இதில் பாலில் கலந்த ஹெல்த் டிரிங்க் இல்லை, பிஸ்கட் இல்லை, ஸ்கூல் வாசல் ஐஸ்க்ரீம் இல்லை. வெறும் தொட்டுக்கொண்டது மட்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒருநாள் கலோரியில் சேர்க்கப்பட்ட சர்க்கரை, தேன், பழச்சாறு வழியாக வரும் சர்க்கரை எல்லாம் சேர்ந்து 10 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 5 சதவிகிதத்துக்குள் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. 2,000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கு அந்த 5 சதவிகிதம் என்பது 25 கிராம், சுமார் ஆறு டீஸ்பூன். சின்னப் பிள்ளைகளுக்கு அளவு அதைவிடக் குறைவு. நம் வீட்டுப் பிள்ளை சாஸிலும் ஜாமிலுமே அந்த எல்லையைத் தொட்டுவிட்டது.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டும் என்று தோன்றலாம். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சேர்ந்து நடத்திய, 2023-ல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. அதன் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடிப் பேர். வாசலில் நிற்கும் இவர்களுக்குத்தான் இந்தச் சின்னச் சின்ன ஸ்பூன்கள் முக்கியம்.

தக்காளிக்குள் சர்க்கரை எப்படி வந்தது?

தக்காளியில் இயற்கையாகவே இருக்கும் சர்க்கரை 100 கிராமுக்கு மூன்று கிராம்கூட இல்லை. அப்படியிருக்க, பாட்டிலுக்குள் இவ்வளவு எப்படி வந்தது? இதற்குப் பதில் 120 வருடங்களுக்கு முந்தைய அமெரிக்காவில் இருக்கிறது. அப்போது அங்கே கெச்சப் தயாரித்தவர்கள், அது புளித்துப்போகாமல் இருக்க சோடியம் பென்சோயேட் என்ற ரசாயனத்தைச் சேர்த்தார்கள். அரசின் வேதியியல் துறைக்குத் தலைமை வகித்த ஹார்வி வைலி, உணவில் இப்படி ரசாயனம் சேர்ப்பதைக் கடுமையாக எதிர்த்தார். 1906-ல் அங்கே தூய உணவு மற்றும் மருந்துச் சட்டம் வந்தது. அதே காலத்தில் ஹென்றி ஹெய்ன்ஸின் நிறுவனம் பென்சோயேட் இல்லாத கெச்சப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நன்கு பழுத்த தக்காளி, கூடுதல் வினிகர், அந்த வினிகரின் புளிப்பைச் சமன் செய்யக் கூடுதல் சர்க்கரை. கெடாமல் இருக்கும் வேலையை வினிகரும் சர்க்கரையும் பங்குபோட்டுக்கொண்டன. அந்தச் சுவைதான் உலகத்துக்கே 'கெச்சப் சுவை' என்று பழகிப்போனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இன்று நம்மூர்க் கடைகளில் இருக்கும் பல பாட்டில்களின் லேபிளில் இரண்டுமே இருக்கின்றன. சர்க்கரையும் உண்டு, ஐ.என்.எஸ். 211 என்ற எண்ணுக்குள் மறைந்திருக்கும் அதே சோடியம் பென்சோயேட்டும் உண்டு.

ஆக, சாஸில் சர்க்கரை சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மூன்று வேலை பார்க்கிறது. புளிப்பை அடக்குகிறது, தண்ணீரைப் பிடித்து வைத்துக் கிருமி வளராமல் தடுக்கிறது, சாஸுக்கு ஒரு கெட்டித்தன்மையும் பளபளப்பும் தருகிறது. வீட்டில் சர்க்கரை இல்லாமல் சாஸ் செய்து பார்த்த பலர், 'நல்லாவே இல்லை, நாலு நாளில் பூஞ்சை பிடித்துவிட்டது' என்று கைவிடுவதற்குக் காரணம் இதுதான். சர்க்கரையை எடுத்துவிட்டால் போதாது. அது பார்த்த மூன்று வேலைக்கும் வேறு ஆள் போட வேண்டும்.

லேபிளில் எந்த வரியைப் பார்ப்பது?

பாட்டிலின் முன்பக்கத்தில் பளபளக்கும் தக்காளிப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். எழுத்து பொடியாகத்தான் இருக்கும். செல்போனில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது சுலபம். சேர்மானப் பட்டியலில் எது அதிக எடையோ அதுதான் முதலில் வரும் என்பது விதி. தண்ணீர், தக்காளி பேஸ்ட், சர்க்கரை என்று முதல் மூன்று இடத்துக்குள் சர்க்கரை இருந்தால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், கார்ன் சிரப் எல்லாமே சர்க்கரையின் மாற்றுப்பெயர்கள்தான். மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால், அது சர்க்கரைக் கணக்கில் வராத மாவுப்பொருள். ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றுவதில் சளைத்ததல்ல.

அடுத்து சத்துகள் அட்டவணை. 2020-ம் ஆண்டின் லேபிள் விதிமுறைகள், மொத்த சர்க்கரை, சேர்க்கப்பட்ட சர்க்கரை இரண்டையும் தனித்தனியாகக் காட்டச் சொல்கின்றன. நமக்கு வேண்டியது 'ஆடட் சுகர்ஸ்' என்ற வரி. அந்த எண்ணை நாலால் வகுத்தால் எத்தனை டீஸ்பூன் என்று வந்துவிடும். 24 கிராம் என்று இருந்தால் 100 கிராம் சாஸில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை. இதை வீட்டிலிருக்கும் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்து வகுக்கச் சொல்லுங்கள். அம்மா திட்டுவதைவிட அந்தக் கணக்கு நன்றாக வேலை செய்யும்.

'நோ ஆடட் சுகர்' என்று போட்டிருக்கும் பாட்டில்களுக்கும் இதே சோதனை உண்டு. சிலவற்றில் சர்க்கரைக்குப் பதில் ஐ.என்.எஸ். 955, அதாவது சுக்ரலோஸ் இருக்கும். உடல் எடையைக் கட்டுப்படுத்த இப்படிப்பட்ட மாற்று இனிப்புகளை நம்பியிருக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பிள்ளைகளைப் பொறுத்தவரை, சாஸ் இனிக்கத்தான் வேண்டும் என்று நாக்கைப் பழக்கும் விஷயத்தில் சுக்ரலோஸும் சர்க்கரையும் ஒன்றுதான்.

ஒரு கிலோ தக்காளி, ஒரு மணி நேரம்

இனி அடுப்படிக்கு வருவோம். சர்க்கரை இல்லாத சாஸுக்கு முதல் முடிவு சந்தையிலேயே எடுக்கப்படுகிறது. ரசத்துக்கு நாட்டுத் தக்காளியை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அதன் புளிப்பே இங்கே எதிரி. சதைப்பற்றுள்ள, புளிப்பு குறைந்த பெங்களூர் தக்காளிதான் சாஸுக்குத் தோது. அதிலும் கல்லுப்போல இருப்பது வேண்டாம். இரண்டு நாள் கூடையில் வைத்து, செக்கச்செவேல் என்று பழுத்த பிறகு எடுங்கள். புளிப்பை அடக்க வேண்டிய சர்க்கரையில் பாதி அங்கேயே மிச்சம்.

ஒரு கிலோ தக்காளியை நான்காக நறுக்கி, ஒரு பெரிய வெங்காயம், ஆறு பல் பூண்டு, பாதி கேரட், நிறத்துக்கு மெல்லிய பீட்ரூட் துண்டு இரண்டு, நாலு காய்ந்த மிளகாய், ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு சேர்த்து, கால் டம்ளர் தண்ணீர் விட்டு குக்கரில் இரண்டு விசில். ஆறியதும் பட்டையையும் கிராம்பையும் எடுத்துவிட்டு, மிக்ஸியில் அரைத்து வடிகட்டுங்கள். வெங்காயமும் கேரட்டும் வெந்து தரும் லேசான இனிப்பு, புளிப்பின் கூர்மையை மழுக்கிவிடும். கேரட்டை அதிகம் போட்டால் சூப் வாசனை வந்துவிடும், ஜாக்கிரதை.

வடிகட்டியதை அடி கனமான வாணலியில் ஊற்றி, ஒரு டீஸ்பூன் உப்போடு சிறு தீயில் சுண்டவிடுங்கள். சரியான பதம் வர முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். கொஞ்சம் கெட்டியானதும் தெறிக்க ஆரம்பிக்கும். பாதி மூடிவைத்துக் கிளறுவது கைக்கு நல்லது. ஒரு ஸ்பூன் எடுத்துத் தட்டில் விட்டுப் பாருங்கள். சுற்றிலும் தண்ணீர் வளையம் பிரியாமல் நின்றால் பதம் வந்துவிட்டது. சர்க்கரையும் ஸ்டார்ச்சும் தரும் கெட்டித்தன்மையை இங்கே பொறுமை தருகிறது. இறக்கும்போது இரண்டு டீஸ்பூன் வினிகர், விருப்பப்பட்டால் அரை டீஸ்பூன் மிளகுத்தூள். ஒரு கிலோவுக்கு 300, 350 கிராம் சாஸ் கிடைக்கும்.

இது கடைச் சாஸ் போலவே இருக்கும் என்று சத்தியம் செய்யும் வீடியோக்களை நம்ப வேண்டாம். அப்படி இருக்காது. நிறம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், தக்காளி வாசனை தூக்கலாக இருக்கும். கெடாமல் காக்கும் சர்க்கரை இல்லாததால் வெளியே வைக்கவே கூடாது. வெந்நீரில் கழுவி, ஈரம் போகக் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம், பத்து நாள் வரும். ஈரக் கரண்டியை உள்ளே விட்டால் அதுவும் வராது. அதிகம் செய்துவிட்டால் ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்துவிட்டு, வேண்டும்போது இரண்டு கட்டி எடுத்துச் சூடாக்கிக்கொள்ளலாம்.

செஷ்வான் சாஸ் இதைவிடச் சுலபம். பெயரில்தான் சீனா, செய்முறையில் அது நம் பூண்டு மிளகாய்த் தொக்குக்கு ஒன்றுவிட்ட தம்பி. இருபது காஷ்மீர் மிளகாயை விதை நீக்கி, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அரைத்துக்கொள்ளுங்கள். ஐந்து டேபிள்ஸ்பூன் எண்ணெயில் பொடியாக நறுக்கிய பூண்டு கால் கப், இஞ்சி இரண்டு டேபிள்ஸ்பூன் போட்டு நன்றாக வதக்கி, விழுதைச் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை கிளறி, உப்பும் ஒரு டேபிள்ஸ்பூன் வினிகரும் சேர்த்தால் முடிந்தது. வெங்காயம், பூண்டு நன்றாக வதங்கினால் அதுவே இனிக்கும். இதற்குச் சர்க்கரை தேவையே இல்லை.

மயோனைஸைப் பொறுத்தவரை சர்க்கரை கொஞ்சம்தான், அங்கே பிரச்னை எண்ணெய். அதோடு, பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடையும் விதித்தது. துணியில் கட்டித் தண்ணீர் வடித்த கெட்டித் தயிரில் பூண்டு, மிளகு, உப்பு போட்டு அடித்தால் சாண்ட்விச்சுக்கு அது போதும். சோயா சாஸில் கவனிக்க வேண்டியது உப்பு. ஒரு டேபிள்ஸ்பூனில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம், ஒருநாள் வரம்பில் கிட்டத்தட்ட பாதி.

சர்க்கரை இல்லாமல் செய்யவே முடியாத ஒன்றும் இருக்கிறது. அது ஜாம். சர்க்கரையை எடுத்துவிட்டால் அது ஜாமே அல்ல, வேகவைத்த பழம். அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் நேர்மை. ஆப்பிளைப் பொடியாக நறுக்கி, பட்டைத்தூள் சேர்த்துக் குழைய வேகவைத்து மசித்தால் நாலைந்து நாள் ஃப்ரிட்ஜில் இருக்கும். இல்லையென்றால், வறுத்த வேர்க்கடலையை மிக்ஸியில் எண்ணெய் கக்கும்வரை அரைத்து பிரெட்டில் தடவி, மேலே வாழைப்பழ வில்லைகளை அடுக்குங்கள். டிபன் பாக்ஸ் காலியாக வரும் வாய்ப்பு அதிகம்.

நாட்டுச்சர்க்கரை போட்டால் பரவாயில்லையா?

இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. 'வெள்ளைச் சர்க்கரை போடலை, நாட்டுச்சர்க்கரைதான் போட்டேன்' என்று சொல்லிவிட்டு ஒரு கை கூடுதலாகவே போடுவது நம் வழக்கம். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எதுவானாலும் அதில் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாதுச்சத்தும் நல்ல வாசனையும் கூடுதல். ரத்தச் சர்க்கரைக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. தேனும் அப்படியே. சாட் வகைகளுக்கான இனிப்புச் சட்னியில் வெல்லத்துக்குப் பதில் பேரீச்சை போட்டு அரைப்பது நல்ல யோசனை, நார்ச்சத்தாவது கிடைக்கும். ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்கு அதுவும் ஒரு டீஸ்பூனோடு நிற்க வேண்டிய விஷயம்.

அதற்காக வத்தக்குழம்பில் போடும் நெல்லிக்காய் அளவு வெல்லத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். ஐந்து பேர் சாப்பிடும் குழம்பில் ஐந்து கிராம் வெல்லம் போட்டால் ஆளுக்கு ஒரு கிராம். புளியின் கூர்மையைத் தட்டிவைக்க நம் பாட்டிமார் கண்டுபிடித்த அளவு அது. மாங்காய்ப் பச்சடியும் புளி இஞ்சியும் வேறு கணக்கு. அவற்றில் வெல்லம் தாராளம். ஆனால் அவை இலையில் ஓரமாக ஒரு ஸ்பூன் விழுபவை, சமோசாவோடு தினமும் வருபவை அல்ல.

யோசித்துப் பார்த்தால், நம் தொட்டுக்கொள்ளும் வகைகளில் முக்கால்வாசி சர்க்கரையே அறியாதவை. தேங்காய்ச் சட்னி, கொத்தமல்லித் துவையல், பிரண்டைத் துவையல், பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு. இவ்வளவும் வீட்டில் இருக்க, தோசைக்குச் சாஸ் கேட்கும் தலைமுறை ஒன்று வளர்ந்து நிற்கிறது. "சட்னி வேணாம்மா, சாஸ் குடு" என்று தட்டைத் தள்ளும் பிள்ளையின் நாக்குக்கு, இட்லி தோசைக்கும் ஓர் இனிப்பு வேண்டியிருக்கிறது.

அந்த நாக்கை ஒரே நாளில் மாற்ற முடியாது. பாட்டிலைத் தூக்கிப்போட்டால் வீட்டில் போர்தான் வரும். முதல் வாரம் கடைச் சாஸில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு வீட்டுச் சாஸைக் கலந்து, பழைய பாட்டிலிலேயே ஊற்றிவையுங்கள். அடுத்த வாரம் பாதிக்குப் பாதி. அதற்கடுத்து வீட்டுச் சாஸ் மூன்று பங்கு. இது ஏமாற்று வேலைதான், ஆனாலும் செய்யலாம். பாட்டிலை மேஜையில் வைக்காமல், சின்னக் கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் எடுத்துவைப்பதும் பலன் தரும். பாட்டில் கையில் இருந்தால் அழுத்திக்கொண்டேதான் இருப்பார்கள், பிள்ளைகள் மட்டுமல்ல, அப்பாக்களும். அந்தச் சாஷே கிண்ணத்தை மட்டும் இன்றைக்கே காலிசெய்துவிடலாம். ஓட்டலில் ஆர்டர் செய்யும்போதே 'சாஸ் வேண்டாம்' என்று குறிப்பு போட்டால் திரும்பச் சேராது.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், சாப்பாட்டில் சர்க்கரையைக் கணிசமாகக் குறைக்கும்போது மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

கடைசியாக, பட்ஜெட். தக்காளி விலை எப்போது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி நாளில் ஒரு கிலோவைச் சுண்டவைத்து ஒரு பாட்டில் எடுப்பது கட்டுப்படியாகாது. தக்காளி மலிந்து கூறு போட்டு விற்கும் நாளில் மூன்று கிலோ வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், ஐஸ் ட்ரே கட்டிகள் ஒன்றிரண்டு மாதத்துக்குத் தாங்கும். டப்பாவின் மேல் ஒரு துண்டு பேப்பர் ஒட்டித் தேதி எழுதிவைக்க மறக்காதீர்கள். ஃப்ரீஸருக்குள் போய்விட்டால் எது தக்காளி சாஸ், எது போன மாதம் அரைத்த சிவப்பு மிளகாய் விழுது என்று யாருக்கும் தெரியாது!